எச்சி பட்டதால பால் பல்லு ஃபில்லிங் ரெண்டு தடவ விழுந்துடுச்சு, மூணாவது தடவ போடலாமா?

கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊருல இருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்காங்க, பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. விஷயம் இது தான். பையனுக்கு அஞ்சு வயசு, யூகேஜி. கீழ இடது பக்கம் ரெண்டு கடைவாய்ப் பல்லு சேர்ற சந்துல சொத்தை, அதுல முன்னாடி இருக்கற பல்லுல. பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்ல பல்லு கலர் ஃபில்லிங் போட்டாங்க. பையன் அழுது, நாக்க நீட்டி, நடுவுல எந்திரிச்சு துப்பி, எப்படியோ முடிச்சு அனுப்பிட்டாங்க. மூணு மாசத்துல தோசை சாப்பிடறப்ப ஃபில்லிங் முழுத் துண்டா கையில வந்துடுச்சு. திரும்பப் போய் காமிச்சா காசு வாங்காம மறுபடி போட்டுக் குடுத்தாங்க, அது ரெண்டே மாசம் தான் நின்னுச்சு. இப்ப டாக்டர் "எச்சி பட்டுக்கிட்டே இருந்துச்சும்மா, அதான் சீல் ஆகல, இன்னொரு தடவ ட்ரை பண்ணலாம்"ங்கறார்.

வீட்டுல ஆளுக்கு ஒரு கருத்து. மாமியார் "விழப்போற பல்லுக்கு எதுக்கு இத்தன செலவு"னு சொல்லிட்டு ஓட்டைல கிராம்பு எண்ணெய பஞ்சுல நனைச்சு வெச்சு விடறாங்க. வீட்டுக்காரர் மட்டமான மெட்டீரியல் போட்டு ஏமாத்திட்டாங்கன்னு கிளினிக்குக்கு சண்டைக்குக் கிளம்பறார். இந்த அம்மா கேக்கறது: எச்சி பட்டா ஃபில்லிங் விழுமா, அப்படின்னா வாய்ல எப்பவுமே எச்சி இருக்கே, எந்த ஃபில்லிங் தான் நிக்கும்? டாக்டர் சமாளிக்கறாரா? மயக்க மருந்து குடுத்துப் போடலாமா, இல்ல பல்லப் புடுங்கிடலாமா? எச்சி கம்மியாக மருந்து ஏதாச்சும் இருக்கா?

அம்மா, உங்க டாக்டர் சொன்ன காரணம் உண்மை, சமாளிப்பு கிடையாது. அந்த வகை ஃபில்லிங்ல எச்சி பட்டா ஒட்டாது. ஆனா அழுதுட்டு இருக்கற அஞ்சு வயசுப் பையன் வாய்ல எச்சி வரும்ங்கறது சேர்ல உக்கார வெக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச சங்கதி தானே. முதல் தடவ அப்படி ஆனது சகஜம், யாருக்கும் நடக்கும். ரெண்டாவது தடவையும் அதே மெட்டீரியல, அதே மாதிரி பஞ்சு வெச்சு, அதே மாதிரி அழுதுட்டு இருக்கறப்பவே போட்டாங்க பாருங்க, அது தான் எனக்கு இடிக்குது. மூணாவது தடவையும் அப்படியே "ட்ரை" பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, மத்தத வரிசையா சொல்றேன்.

எச்சி எந்த நிமிஷத்துல கெடுக்குது

பல்லு கலர் ஃபில்லிங்குனு நீங்க சொல்றது காம்போசிட். அதுக்கு தானா ஒட்டற குணம் கிடையாது. சொத்தைய எடுத்து சுத்தம் பண்ணதும் ஒரு நீலக் கலர் ஜெல் தடவியிருப்பாங்க, கவனிச்சீங்களான்னு தெரியல, அது பாஸ்பாரிக் ஆசிட், பெரும்பாலும் 37 சதவீதம். 15, 20 செகண்ட் வெச்சுக் கழுவிக் காயவெச்சா எனாமல் பளபளப்பு போய் சுண்ணாம்பு வெள்ளையா மங்கும். அந்த மங்கல் தெரிஞ்சா தான் எங்களுக்கு நிம்மதி, ஏன்னா அங்க கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி துவாரமா திறந்திருக்குன்னு அர்த்தம். அதுக்குள்ள பாண்டிங்கிற தண்ணி மாதிரி ரெசின் இறங்கி, நீல லைட் பட்டு கெட்டியாகி, கோத்துக்கிட்டு நிக்கும். ஃபில்லிங் நிக்கறது முழுக்க அந்தப் பிடியில தான்.

இப்ப இந்த ஆசிட்டக் கழுவினதுக்கும் பாண்டிங் தடவறதுக்கும் நடுவுல பையன் நாக்க இந்தப் பக்கம் சுழட்டினான்னு வைங்க. எச்சில தண்ணி மட்டும் இல்ல, புரோட்டீன் இருக்கு, சில செகண்ட்லயே அது அந்தத் துவாரத்து மேல படலமா படிஞ்சுடும். எண்ணெப் பிசுக்கு இருக்கற பீரோ கதவுல ஸ்டிக்கர் ஒட்டற கதை தான், ஒட்டின மாதிரி இருக்கும், ஓரம் தூக்கும். காத்தடிச்சுக் காயவெச்சா சரியாயிடும்னு நினைச்சு மேலயே பாண்டிங் தடவறவங்க உண்டு, ஆனா காயவெச்சா தண்ணி தான் போகும், புரோட்டீன் அங்கயே காஞ்சு ஒட்டிக்கும். திரும்ப நல்லாக் கழுவி, கொஞ்ச நேரம் மறுபடி ஆசிட் வெச்சு, மங்கல் வந்துச்சான்னு பாத்துட்டுத் தான் மேல போகணும். பாண்டிங் போட்டு லைட் அடிச்சதுக்கப்புறம் எச்சி பட்டா அது வேற கதை, கழுவிக் காயவெச்சு இன்னொரு கோட் பாண்டிங் போட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். ரெண்டு லேயர் காம்போசிட்டுக்கு நடுவுல பட்டுச்சுன்னா அந்த எடத்துல லேயர் பிரியும். இதெல்லாம் சரி பண்ண முடியாத விஷயம் இல்ல, ஆனா ஒவ்வொன்னுக்கும் இன்னும் ரெண்டு நிமிஷம் வேணும், அந்த ரெண்டு நிமிஷத்த அழற குழந்தை குடுக்கறது இல்ல.

எச்சி மட்டும் இல்ல, ரத்தமும் இதே வேலைய செய்யும். ரெண்டு பல்லு சந்துல சொத்தைன்னா அங்க சோறு மாட்டி மாட்டி ஈறு வீங்கியிருக்கும், தொட்டாலே கசியும், ஃபில்லிங்கோட அடி ஓரம் சரியா அந்த ஈறு பக்கம் தான் முடியுது. அதனால மேல பாக்க அழகா இருக்கற ஃபில்லிங் கீழ ஓரத்துல தான் முதல்ல லீக் ஆகும்.

அப்ப உங்க கேள்விக்கு வரேன், வாய்ல எப்பவும் எச்சி இருக்கே, எந்த ஃபில்லிங் நிக்கும்னு. ஒட்டி கெட்டியானதுக்கு அப்புறம் எச்சியால ஒரு கெடுதலும் இல்ல. பிரச்சினை எல்லாம் போடற அந்த அஞ்சு பத்து நிமிஷத்துல தான். மத்த நேரம் எச்சி இல்லைன்னா தான் பல்லு கெடும், சாப்பிட்டதும் வர்ற ஆசிட்ட அது தான் தணிக்குது, கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலுக்குத் திரும்பக் குடுக்குது, தூக்கத்துல எச்சி ரொம்பக் குறையும், ராத்திரி பால் பாட்டிலோட தூங்கற குழந்தைங்களுக்கு சொத்தை அள்ளிக்கிட்டு வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால எச்சி குறைய மருந்து கேக்காதீங்க. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டாக்டர் தேவைப்பட்டா குடுக்கற மருந்து ஒன்னு ரெண்டு உண்டு, ஒரு ஃபில்லிங்குக்காக வீட்டுல குடுக்கற சமாச்சாரம் கிடையாது.

முதல்ல விழுந்த துண்ட ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க, அடிப்பக்கம் வழவழன்னு இருக்குன்னும் சொல்றீங்க. அது நல்ல தடயம். முழுசா, உடையாம, சுத்தமா கழண்டு வந்தா பிடிமானமே விழலைன்னு சந்தேகப்படலாம், எச்சிக் கதைக்கு அது பொருந்துது. நடுவுல முறிஞ்சு பாதி பல்லுலயே நின்னுச்சுன்னா கடி அழுத்தமோ, ஃபில்லிங் ரொம்ப மெல்லிசா இருந்ததோ காரணமா இருக்கும். துண்டு வந்த எடத்துல பழுப்பா மெத்துன்னு இருந்தா உள்ள சொத்தை மிச்சம் இருந்துச்சு, இல்ல லீக் ஆகி புதுசா வந்துச்சு. அடுத்த தடவ போறப்ப அந்தக் கவரையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டாவது தடவ எப்படி விழுந்துச்சுன்னு நீங்க எழுதல, அதையும் ஞாபகப்படுத்திப் பாருங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்ற மட்டமான மெட்டீரியல் விஷயம். இருக்கறதுலயே காஸ்ட்லியான காம்போசிட்ட ஈரத்துல போட்டாலும் இதே கதி தான், இதுல மெட்டீரியல் கம்பெனிய விட அந்த எடம் காஞ்சிருந்துச்சாங்கறது தான் பெருசு.

பால் பல்லுல ஏன் இன்னும் கஷ்டம்

பால் பல்லோட எனாமல் நம்ம பல்லுல இருக்கறதுல சுமார் பாதி தடிமன் தான், கடைவாய்ப் பல்லுல ஒரு மில்லிமீட்டர் அளவு. அந்த மேல் எனாமலும் ஒழுங்கான அமைப்புல இல்லாததால ஆசிட் போட்டாலும் பெரிய பல்லுல வர்ற மாதிரி அழகா துவாரம் விழாது. நரம்பு பெருசு, மேலயே இருக்கு, அதனால பிடிமானத்துக்காக ஆழமா தோண்டவும் முடியாது. உங்க பையனுக்கு சொத்தை வந்திருக்கறது முதல் பால் கடைவாய்ப் பல்லு, அது குட்டிப் பல்லு, பக்கத்துப் பல்லோட அகலமா ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்தச் சந்துல பாக்ஸ் மாதிரி வெட்டி ஃபில்லிங் போட்டா மேல நிக்கறதுக்கு எடமே கொஞ்சம் தான். கீழ்த் தாடை வேற. நாக்குக்கு அடியில எச்சி சுரப்பிங்களோட வாய் இருக்கு, வாய்லயே சீக்கிரம் குளமாகற எடம் அது தான், கூட நாக்கும் சும்மா இருக்காது. மேல் பல்லுன்னா கன்னத்துல ஒரு பஞ்சு வெச்சா ஓரளவு சமாளிச்சுடலாம், கீழ அது நடக்காது.

விழப்போற பல்லு தானேன்னு உங்க மாமியார் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, எல்லா பால் பல்லு சொத்தைக்கும் ஓடி ஓடி ஃபில்லிங் போடணும்னு இல்ல. ஆறு மாசத்துல விழப்போற ஆடற பல்லுன்னா நானே வேண்டாம்பேன். ஆனா இந்தப் பல்லு விழறது 9ல இருந்து 11 வயசுக்குள்ள, பின்னாடி இருக்கறது 10ல இருந்து 12. உங்க பையனுக்கு அஞ்சு. இன்னும் நாலஞ்சு வருஷம் அதுல தான் அவன் மெல்லணும். அப்படியே விட்டா சொத்தை பக்கத்துப் பல்லுக்கும் தொத்தும், நரம்ப எட்டினா ராத்திரி வலி, சீழ்க் கட்டி, அப்புறம் வேர் சிகிச்சை இல்ல புடுங்கல். புடுங்கினா பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்த அடைக்கலாம், அதுக்கு ஒரு கம்பி வளையம் போட்டு எடம் காக்கணுமான்னு வேற பாக்கணும். பாட்டிகிட்ட இத இப்படியே சொல்லுங்க, வயசு கணக்கு சொன்னா அவங்களுக்குப் புரியும்.

கிராம்பு எண்ணெய மட்டும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. வலிக்கு அது கேக்கும்ங்கறது பொய் இல்ல, எங்க மருந்துலயே அதோட சாரம் இருக்கு. ஆனா குழந்தையோட ஈறு, நாக்கு வெந்து போகும், தெரியாம முழுங்கினா ஆபத்து. அதுக்கு மேல ஒன்னு, கிராம்புல இருக்கற யூஜினால் காம்போசிட் கெட்டியாகறதயே தடுக்கும். அடுத்த தடவ போறப்ப "ஓட்டைல கிராம்பு எண்ணெய் வெச்சிருந்தோம்"னு டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லிடுங்க.

அடுத்து என்ன செய்யலாம்

முதல்ல ஒரு எக்ஸ்ரே. இதுவரைக்கும் எடுத்தாங்களான்னு நீங்க எழுதல, கடிச்சுப் புடிக்கற சின்ன ஃபிலிம், பைட்விங்னு பேரு. சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவுல எவ்ளோ பல்லு மிச்சம் இருக்குன்னு அதுல தான் தெரியும். ஃபில்லிங் விழுந்த ஓட்டை ரெண்டு தடவையும் கொஞ்ச நாளாவது சும்மா திறந்து இருந்திருக்கு, அதனால முதல்ல பாத்த நிலைமை இப்ப இருக்கும்னு எடுத்துக்க முடியாது. ராத்திரி வலிச்சு எந்திரிக்கறானா, பல்லுக்குப் பக்கத்து ஈறுல பரு மாதிரி வந்து வந்து போகுதா, இத நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுல எது இருந்தாலும் ஃபில்லிங், கேப்னு கீழ சொல்றது எதுவும் நேரா பொருந்தாது, முதல்ல நரம்புக்கு வைத்தியம். கன்னம் வீங்கி காய்ச்சலும் இருந்தா அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே போங்க.

நரம்பு நல்லா இருக்குன்னு வைப்போம். அப்ப என்னோட முதல் சாய்ஸ் இன்னொரு காம்போசிட் இல்ல, பல்ல முழுசா மூடற ஸ்டீல் கேப். மூஞ்சிய சுளிக்காதீங்க, கேளுங்க. ஸ்காட்லாந்துல நோர்னா ஹால்னு ஒரு பல் டாக்டர், பால் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போடாம, ட்ரில் பண்ணாம, சொத்தைய முழுசா எடுக்கக்கூட செய்யாம, அளவான ஸ்டீல் கேப்ப சிமென்ட் நிரப்பி அப்படியே மாட்டிட்டு வந்தாங்க. அவங்க பேஷன்ட் ரெக்கார்ட எல்லாம் பாத்து 2006ல கட்டுரையா வந்தப்ப பல பேரு நம்பல, அதுக்கப்புறம் முறையா ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல சாதா ஃபில்லிங்க விட இந்த கேப் நல்லா நிக்குது, அப்புறம் வலி, சீழ்னு வர்றதும் கம்மின்னு தான் வந்துச்சு. லாஜிக் இது தான், உள்ள இருக்கற பாக்டீரியாவுக்கு வெளிய இருந்து சர்க்கரை போகாம முழுசா மூடிட்டா அது அடங்கிடும், சொத்தை நகராது. சீல் தான் வைத்தியமே. அந்த சீல் இங்க ஆசிட் போட்ட ஒரு குட்டி ஓரத்த நம்பி இல்ல, பல்ல சுத்தி கேப் இறுக்கமா கவ்வுது, உள்ள கிளாஸ் ஐயனோமர்னு ஒரு வகை சிமென்ட் ஒட்டுது, அந்த சிமென்ட் காம்போசிட் அளவுக்கு ஈரத்துக்கு பயப்படாது.

எப்படி நடக்கும்னு சொல்றேன், பையன்கிட்டயும் முன்னாடியே சொல்லி வைக்கலாம். பல்லு ரெண்டும் டைட்டா ஒட்டியிருந்தா மூணு நாலு நாளைக்கு முன்னாடி நடுவுல சின்ன ரப்பர் வளையம் மாட்டி அனுப்புவாங்க, மட்டன் நார் மாட்டின மாதிரி உறுத்தும்னு பசங்க சொல்லும், அவ்ளோ தான். அப்புறம் ஒரு நாள் வளையத்த எடுத்துட்டு கேப் அளவு பாத்து, சிமென்ட் போட்டு பல்லு மேல வெச்சு டாக்டர் விரலால அமுக்குவாங்க, இல்ல பையனையே ஒரு பஞ்ச வெச்சு நல்லாக் கடிக்கச் சொல்லுவாங்க. அந்த நேரம் ஈறு வெளுத்துப் போகும், பாத்து பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல பழைய கலருக்கு வந்துடும். ஓரத்துல பிதுங்கற சிமென்ட்ட துடைச்சு, சந்துல ஃப்ளாஸ் விட்டா முடிஞ்சுது. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் மட்டும் கடி ஒசரமா இருக்கும், மத்த பல்லு மேலயும் கீழயும் ஒன்னோட ஒன்னு முட்டாது, சில வாரத்துல தானா சரியாயிடும். குறைன்னா ஒன்னு தான், வாயத் திறந்து சிரிச்சா வெள்ளிக் கலர் தெரியும். எனக்கு அது பெரிய குறையா படல, பசங்க "ரோபோ பல்லு"னு ஸ்கூல்ல காமிச்சுட்டுத் திரியறானுங்க. நிக்கல் அலர்ஜி இருந்தா மட்டும் சொல்லிடுங்க.

வெள்ளையாவே வேணும்னு நின்னீங்கன்னா ஜிர்கோனியா கேப் இருக்கு. ஆனா அதுக்கு பல்ல நல்லா தேய்க்கணும், ஊசி வேணும், விலையும் பல மடங்கு. இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, ஜிர்கோனியா உள்பக்கத்துல எச்சியோ ரத்தமோ பட்டா அதுலயும் சிமென்ட் பிடிமானம் குறையும். எச்சிக்கு பயந்து ஓடி அதே எச்சிகிட்ட போய் நிக்கறது. அடங்கி உக்காராத பையனுக்கு இத நான் சொல்ல மாட்டேன்.

காம்போசிட் தான் போடணும்னு இருந்தா ஒரே கண்டிஷன், ரப்பர் டேம். பல்லு மட்டும் வெளிய எட்டிப் பாக்கற மாதிரி ஓட்டை போட்ட ரப்பர் ஷீட், பின்னாடி பல்லுல ஒரு கிளிப்பு மாட்டி இழுத்துக் கட்டுவாங்க. 1864ல நியூயார்க்ல பார்னம்னு ஒரு பல் டாக்டர் ஆரம்பிச்சு வெச்சது, இன்னும் இதுக்கு இணையா எதுவும் வரல. ரப்பருக்கு அந்தப் பக்கம் நாக்கு என்ன ஆட்டம் போட்டாலும் கவலை இல்ல, சின்னத் துண்டு தொண்டைக்குள்ள போற பயமும் இல்ல. கிளிப்பு அழுத்தும்ங்கறதால பெரும்பாலும் ஈறு மரத்துப் போக ஊசி வேணும், மூக்கால மூச்சு விடத் தெரியணும். சளி பிடிச்சு மூக்கடைச்ச நாள்ல ரப்பர் டேம் போட்டா பெரியவங்களே திணறுவாங்க, அன்னிக்கு போன் பண்ணி அப்பாயின்மென்ட்ட தள்ளிப் போட்டுடுங்க. உங்க டாக்டர்கிட்ட "ரப்பர் டேம் போடுவீங்களா"ன்னு மட்டும் கேளுங்க, அவர் சொல்ற பதில்லயே பாதி முடிவு தெரிஞ்சுடும்.

அப்புறம் கிளாஸ் ஐயனோமர் ஃபில்லிங். இங்கிலாந்துல வில்சன், கென்ட்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்சு 1972ல வெளியிட்ட சமாச்சாரம். பல்லுல இருக்கற கால்சியத்தோடயே நேரா ரசாயனமா ஒட்டும், தண்ணி கலந்த பொருள்ங்கறதால லேசா ஈரம் இருந்தாலும் தாங்கும், ஃப்ளோரைடும் கொஞ்சம் கொஞ்சமா விடும். ஆனா ஈரம் தாங்கும்ங்கறத எச்சில முக்கி எடுக்கலாம்னு புரிஞ்சுக்காதீங்க, இதுவும் முதல் சில நிமிஷம் கெட்டியாகறப்ப எச்சி பட்டா மேல் பக்கம் கரைஞ்சு பொடியா உதிரும், அதான் போட்டதும் மேல வேசலினோ வார்னிஷோ தடவி விடறது. இன்னொன்னு, மேல் பக்கத்துல மட்டும் இருக்கற குழிக்கு இது அருமை, உங்க பையனுக்கு இருக்கற மாதிரி சந்துல வர்ற ஓட்டைல உடையறது ஜாஸ்தி. அதனால கேப் போடறதுக்கு நாள் ஆகும்னா அதுவரைக்கும் ஓட்டைய மூடி வெக்க இது போதும்.

இன்னிக்கு நிலைமைக்கு வாயே திறக்க மாட்டான், கிட்டப் போனாலே கத்தறான்னா, அவசரப்படாம சில்வர் டயமைன் ஃப்ளோரைடுனு ஒரு திரவம் இருக்கு, 38 சதவீதம். குட்டி பிரஷ்ல ஒரு சொட்டு, ஒரு நிமிஷ வேலை. சொத்தை அப்படியே உறைஞ்சு கருப்பாகும், அந்தக் கருப்பு போகாது, சட்டையில பட்டாலும் போகாது. ஓட்டைய இது அடைக்காது, சோறு மாட்டத் தான் செய்யும். ஆனா சில மாசம் டைம் கிடைக்கும், அதுக்குள்ள பையனும் கொஞ்சம் வளர்ந்து பழகிடுவான்.

முழு மயக்கம் பத்தி. எட்டு பத்து பல்லு சொத்தை, வேற வழியே இல்ல, இல்ல குழந்தைக்கு வேற உடல்நலக் காரணம் இருக்குன்னா ஆஸ்பத்திரில, மயக்க டாக்டர் கூட இருந்து, ஒரே தடவைல எல்லாத்தையும் முடிக்கறது நியாயமான வழி, அத குத்தம் சொல்ல மாட்டேன். ஒத்தப் பல்லு ஃபில்லிங் ரெண்டு தடவ விழுந்துச்சுங்கறதுக்காக மயக்கத்துக்குப் போறது எனக்கு சரியா படல, கேப் முறைக்கு ஊசியே வேண்டாம்னு இருக்கறப்ப எதுக்கு அந்த ரிஸ்க்கு? ரொம்ப பயப்படற பையன்னா மூக்கு வழியா குடுக்கற சிரிப்பு வாயு உண்டு, முழிச்சுக்கிட்டே தான் இருப்பான், அந்த வசதி இருக்கற எடமான்னு கேட்டுட்டுப் போங்க.

இதுல எத எடுத்தாலும், குழந்தைப் பல் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர்கிட்ட ஒரு தடவ காமிங்க. எல்லா டென்டல் காலேஜ்லயும் பீடோன்னு ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும், கோவை, ஈரோடு பக்கம் காலேஜுக்குப் பஞ்சம் இல்ல, செலவும் கம்மி, ஒரே குறை நேரம் ஆகும்.

பணம், சண்டை, உரிமை

உங்க வீட்டுக்காரர கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க. காசு குடுத்து வாங்கற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால கேஸ் போட வழி இருக்கா இல்லையான்னா இருக்கு. ஆனா ஃபில்லிங் விழுந்துச்சுங்கறது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. அசையற குழந்தை வாய்ல எச்சி படறது வைத்தியத்துல வர்ற சிக்கல், அதுக்கு மேல ரெண்டாவது தடவ காசு வாங்காம போட்டிருக்கார், காரணத்தையும் மறைக்காம சொல்லியிருக்கார். ஏமாத்தற ஆளு பெரும்பாலும் "பையன் ஏதோ கடிச்சிருப்பான்"னு தான் சொல்லுவான்.

நீங்க உரிமையோட கேக்க வேண்டியது வேற. என்ன மெட்டீரியல் போட்டாங்கன்னு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க, எக்ஸ்ரே எடுத்திருந்தா காப்பி கேளுங்க, ரெண்டு தடவையும் என்ன பண்ணாங்கங்கற ரெக்கார்டும் கேளுங்க, வேற டாக்டர்கிட்ட போறப்ப அது ரொம்ப உதவும். இன்னும் முக்கியமா, போடறப்பவே எச்சி பட்டுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே "இது சரியா நிக்காம போகலாம், வேற வழி யோசிக்கலாம்"னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். இத கோவப்படாம நேரா கேளுங்க, நல்ல டாக்டர்னா ஒத்துக்குவார். ஸ்டீல் கேப் பத்தி கேட்டு "அதெல்லாம் எங்ககிட்ட இல்ல"ன்னா வேற எடத்துக்கு லெட்டர் எழுதித் தரச் சொல்லிட்டு வந்துடுங்க.

போறதுக்கு முன்னாடி வீட்டுல

காலைல நேரமா அப்பாயின்மென்ட் வாங்குங்க, ஸ்கூல் விட்டு சோர்ந்து வந்த சாயங்காலம் வேண்டாம். வயிறு முட்ட சாப்பிட வெச்சு கூட்டிட்டுப் போகாதீங்க, குமட்டும். ஸ்பூன வெச்சு கீழ் பல்ல காமிக்கச் சொல்லி, 20 எண்ணற வரைக்கும் வாயத் திறந்து, நாக்க அந்தப் பக்கம் ஒதுக்கி, மூக்கால மூச்சு விட வெளையாட்டா பழக்குங்க, ஒரு வாரம் பழகினாலே வித்தியாசம் தெரியும். "ஊசி போட மாட்டாங்க"ன்னு உங்களுக்கே தெரியாத விஷயத்துக்கு சத்தியம் பண்ணாதீங்க, "சேட்ட பண்ணா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்"னு வீட்டுல யாரும் மிரட்டவும் வேண்டாம், முக்கியமா தாத்தா பாட்டிங்க. ஃப்ளோரைடு பேஸ்ட்ல பட்டாணி அளவு, ராத்திரி நீங்களே தேச்சு விடுங்க, துப்பினா போதும், தண்ணி விட்டு கொப்பளிக்க வேண்டாம். அதுக்கப்புறம் பாலும் கிடையாது பிஸ்கட்டும் கிடையாது. கேப் போட்டாலும் இது தொடரணும், இல்லைன்னா அடுத்த பல்லுல இதே கதை ஓடும்.

போட்டதுக்கப்புறம் எப்ப சாப்பிட வெக்கலாம்னு கடைசியா ஒரு வரி கேட்டிருக்கீங்க. காம்போசிட் லைட் அடிச்ச உடனே கெட்டி, எப்ப வேணா சாப்பிடலாம். கிளாஸ் ஐயனோமரும் கேப் சிமென்ட்டும் ஒரு மணி நேரம் போகட்டும், அன்னிக்கு முழுக்க கல்கோனா, முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். ஊசி போட்டிருந்தா மரப்பு போற வரைக்கும், ரெண்டு மணி நேரமோ இன்னும் கொஞ்சம் கூடவோ ஆகும், சாப்பாடே வேண்டாம், தண்ணி பரவால்ல. மரத்துப் போன உதட்ட பசங்க மிட்டாய் மாதிரி மென்னு வெச்சுடுவாங்க, சாயங்காலம் பாத்தா வீங்கிப் புண்ணா இருக்கும், அதனால அந்த நேரம் பக்கத்துலயே உக்காந்து உதட்டு மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க.